நீல் வெப்பநிலை 118, கியூரி-வைஸ் தருவது 550: சாம்பிள் கெட்டதா?

கேள்வி: மாங்கனீசு மோனாக்சைடு தூளின் காந்த ஏற்புத்திறனை 300 கெல்வின் வரை அளந்தேன். நீல் வெப்பநிலை, அதாவது அதற்குக் கீழே அயனிகளின் காந்தங்கள் எதிரெதிர் அணிகளாக அடுக்கிக்கொள்ளும் வெப்பநிலை, 118 கெல்வின். ஆனால் கியூரி-வைஸ் கோடு (ஏற்புத்திறனின் தலைகீழ் மதிப்பை வெப்பநிலைக்கு எதிராக வரைந்த நேர்கோடு) வெப்பநிலை அச்சை வெட்டும் இடமான தீட்டா ஏறக்குறைய மைனஸ் 550. சராசரிப் புலக் கோட்பாட்டின்படி (ஒவ்வொரு அயனியும் மற்றவற்றின் சராசரி விளைவை மட்டுமே உணர்கிறது என்று கொள்ளும் கணக்கு), குறியை விட்டுப் பார்த்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டாமா? சாம்பிள் கெட்டுவிட்டதா?

பதில்: இந்த இடைவெளியை வைத்து சாம்பிளைச் சந்தேகிக்க வேண்டாம். பாடநூல் அட்டவணைகளிலேயே தீட்டா 610 என்று இருக்கும். இரண்டும் சமம் என்பது, ஒவ்வொரு அயனியும் எதிர்த் துணையணியில் (எதிர்த் திசையில் காந்தம் கொண்ட அயனிகளின் அணியில்) உள்ளவற்றோடு மட்டும் உறவாடும் எளிய மாதிரியில்தான்.

இந்தப் படிகத்தில் ஒரு மாங்கனீசுக்கு 12 முதல் அண்டை அயனிகள், ஆக்சிஜனுக்கு அப்பால் நேர்கோட்டில் 6 இரண்டாம் அண்டை அயனிகள். 1949-இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான் சிதறலில் கண்ட அடுக்கின்படி, முதல் 12-இல் 6 இணையாகவும் 6 எதிராகவும் நிற்கின்றன. அவற்றின் பங்கு ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஆகவே நீல் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அந்த 6 இரண்டாம் அண்டைகள் மட்டுமே. தீட்டாவோ 18 பேரையும் கூட்டிச் சொல்கிறது. இரு வகை விசைகளும் இங்கே கிட்டத்தட்ட சமம் என்பதால், சராசரிப் புலக் கணக்கிலேயே தீட்டாவுக்கும் நீல் வெப்பநிலைக்கும் உள்ள விகிதம் 3-ஐ ஒட்டி வரும். மீதி வேறுபாட்டில் பெரும்பங்கு, அந்தக் கணக்கு கண்டுகொள்ளாத ஸ்பின் (அயனிகளின் நுண்காந்தம்) ஏற்ற இறக்கங்களுடையது. அவை நீல் வெப்பநிலையைக் கீழே இழுக்கின்றன. என்னைக் கேட்டால், கோட்பாடு இங்கே தோற்கவில்லை. எந்த விசையை விட்டுவிட்டோம் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது, அதுதான் அதன் அழகு.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கோட்டைப் பொருத்தும் வெப்பநிலை வீச்சைப் பற்றி. கியூரி-வைஸ் விதி தீட்டாவைவிட நன்கு உயர்ந்த வெப்பநிலையில்தான் கறாராகப் பொருந்தும். உங்கள் தரவு முழுக்க அதற்குக் கீழே. கோட்டில் சிறு வளைவு இருந்தாலும் தீட்டா நிறைய நகரும். வீச்சை மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள். கோட்டின் சாய்விலிருந்து கிடைக்கும் ஓர் அயனியின் காந்தத் திருப்புத்திறன், மாங்கனீசு அயனிக்கு எதிர்பார்க்கப்படும் 5.92 போர் மேக்னெட்டானை (அணுக் காந்தத்தின் அலகு) ஒட்டி இல்லையென்றால் தீட்டாவையும் நம்பாதீர்கள். முடிந்தால் மந்த வாயுவில் 800 கெல்வின் வரையாவது அளந்துவிடுங்கள்.

அப்புறம், சாம்பிளைச் சோதிக்க வேண்டிய இடம் 43 கெல்வின். அங்கே திடீர் ஏற்றம் தெரிந்தால், அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவான மாங்கனீசின் உயர் ஆக்சைடு. பச்சைத் தூள் பழுப்பேறியிருந்தாலும் அதே சந்தேகம்தான்.