நல்ல தண்ணீர்க் குழாய் எது? மாற்றலாகி மதுரைக்கு வருவோரின் கேள்விகள்

பள்ளி திறப்பதற்கு முன் குடிவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பலரும் வீட்டைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். வாசகர் கடிதங்களில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்தப் பத்து நிமிடத்தில் கேட்காமல் விட்டவை. இந்த இதழில் ஐந்து கேள்விகளுக்குப் பதில். தண்ணீருக்கு மட்டும் கூடுதல் இடம் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கோவையில் சிறுவாணித் தண்ணீரில் பழகியவர்கள் நாங்கள். கணவருக்கு இலந்தைகுளத்தில் வேலை என்பதால் போன மாதம் இங்கே மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் உடையவில்லை. சோப்பு நுரைப்பதே இல்லை. ஆர்.ஓ. மிஷின் வாங்கினால் சரியாகிவிடுமா?
— வாசகி, அய்யர்பங்களா

ஆர்.ஓ. மிஷின் குடிக்கிற தண்ணீரை மட்டும்தான் சரிசெய்யும். குளியலறைக்கும் துணி துவைக்கவும் அதே போர் தண்ணீர்தான் வரப்போகிறது. அதனால் மிஷின் விலை விசாரிப்பதற்கு முன்னால், எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள்.

உங்களுடைய மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றுதான். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் நுரை வராமல் திரிதிரியாகப் பிசுக்குப் படியும். பருப்பை இளக விடாமல், அதிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆறு விசில் என்ன, பத்து விசில் விட்டாலும் பருப்பு முழுசாகத்தான் நிற்கும். ஆப்பச்சோடா போட்டால் உடையும், ஆனால் சத்தும் ருசியும் போகும். மாநகராட்சித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். வழக்கமான விசிலிலேயே குழைந்துவிடும்.

மாநகராட்சிக் குடிநீர் பல பகுதிகளில் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் அது உங்கள் வீட்டில் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் விஷயம். நிறைய வீடுகளில் நல்ல தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து, ஒரே தொட்டிக்கு ஏறுகின்றன. அப்படிக் கலந்துவிட்டால் நல்ல தண்ணீர் வந்தும் பயனில்லை. நல்ல தண்ணீருக்குத் தனிச் சம்ப் இருந்தால், மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, சமையலறைக்கு மட்டும் ஒரு லைன் இறக்கச் சொல்லுங்கள். ஒரு பிளம்பர் ஒரே நாளில் முடித்துவிடுகிற வேலை. செலவை ஓனரோடு பாதிப் பாதியாகப் பேசிக்கொள்ளலாம், வீட்டின் மதிப்பும் கூடுகிறதல்லவா? மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்ட மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது விதிமீறல். அதோடு, மோட்டார் உறிஞ்சும்போது குழாயில் எங்காவது கசிவு இருந்தால் அந்த வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தண்ணீர் வராது.

அடுத்தது அளவு. தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து இரண்டு தண்ணீரையும் தனித்தனியாகப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கால்சியமும் மெக்னீசியமும் தருகிற கடினத்தன்மைக்கு இதே கணக்கு 200, 600. மீட்டர் காட்டுவது மொத்த உப்பை மட்டுமே, கடினத்தன்மையை அது தனியாகச் சொல்லாது. அதற்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேனில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

மாநகராட்சித் தண்ணீர் 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள், அல்லது புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. வகை வடிகட்டி போதும். போர் தண்ணீர் மட்டும்தான் கதி என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் குழாயை வாளியில் விட்டுப் பிடித்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

வெள்ளைப் படிவுக்கு மளிகைக் கடையில் விற்கிற எலுமிச்சை உப்பு நல்ல மருந்து. குழாய் முனையில் இருக்கும் சிறிய சல்லடையைத் திருகிக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி நேரம் போட்டு வையுங்கள். முதலில் குமிழ் குமிழாகப் பொங்கும். பொங்குவது நின்றதும் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஓட்டைகள் திறந்துவிடும். வாஷிங் மெஷினுக்கு 100 கிராம் போட்டு, துணி இல்லாமல் 60 டிகிரி வெந்நீரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். மார்பிள், மொசைக் தரையில் இது சிந்தக் கூடாது, அரித்துத் தழும்பு விழும். கீசரை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக்கூடத்தான் சுண்ணாம்பு காயிலில் படிகிறது. படிந்தால் தண்ணீர் சூடாக நேரமாகும், கரண்டும் கூடும், கடைசியில் காயிலே போய்விடும்.

குடிவந்ததும் தொட்டியைக் கழுவினீர்களா? பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் இதுதான் முதல் வேலை. அடியில் இருக்கும் சேற்றை அள்ளி, தேய்த்துக் கழுவி, தொட்டியை நிரப்புங்கள். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடி மண்டியையும் சேர்த்து ஊற்றினால் அது குழாயில் போய் அடைக்கும். எல்லாக் குழாயையும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து மூடிவிட்டு, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் மொத்தத் தண்ணீரையும் வெளியேற்றி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அன்றைக்கு மட்டும் கழிப்பறை ஆசிட்டைத் தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் கிளம்புவது நச்சு வாயு.

கேள்வி: ஓனர் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார். "ஒத்திக்கு வேண்டுமானாலும் தர்றேன், மூணு வருஷம் வாடகையே கிடையாது" என்கிறார். எது லாபம்?
— வாசகர், பழங்காநத்தம்

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது. மாற்றல் வேலையில் இருப்பவருக்கு அது சரிப்படாது. மூன்று வருடத்துக்கு முன்பே வேறு ஊருக்கு உத்தரவு வந்தால், ஓனர் அடுத்த ஒத்திக்காரரைப் பிடித்துத்தான் உங்கள் பணத்தைத் தருவார். அதுவரை அங்கே வாடகை, இங்கே முடங்கிய பணம் என்று இரட்டைச் சுமை. அப்படியும் ஒத்திதான் என்றால், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப் பத்திரத்தை அசலாகக் காட்டச் சொல்லுங்கள், வங்கியில் இருக்கிறது என்றால் விலகிக்கொள்ளுங்கள். ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பாகாது.

வாடகைக்கு வந்தால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஆனால் இருவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அது செல்லும். பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது, பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடியுங்கள். காலி செய்தபின் நியாயமான பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, "மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம்" என்பது, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கீழே ஓனர், மேலே நாங்கள். ஒரே மீட்டர். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்குகிறார். இது சரியா? ஏசி போடலாமா?
— வாசகி, திருநகர்

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் 500 வெகு சீக்கிரம் தாண்டும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 6 யூனிட், அறுபது நாளில் 360. உங்கள் ஏசி ஒன்றே இரண்டு வீட்டுக் கணக்கையும் மேலே தள்ளிவிடும். தனிச் சமையலறையும் தனி வாசலும் இருக்கும் மாடிக்குத் தனி இணைப்புக் கேட்டு ஓனர் விண்ணப்பிப்பதுதான் இருவருக்கும் நல்லது. அதுவரை மின்வாரிய பில்லைப் பார்த்து, மொத்தத் தொகையை, மாடிக்கு மட்டும் கணக்குக் காட்டும் உங்கள் சப்-மீட்டரின் யூனிட் விகிதத்தில் பிரித்துக் கொடுங்கள். பத்து ரூபாய் என்ற நிலையான கணக்கைவிட அது நியாயம்.

ஏசி மாட்டுவதற்கு முன், மீட்டர் பெட்டியிலிருந்து அந்தப் பாயின்ட் வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக வருகிறதா என்று பாருங்கள். விளக்கு லைனில் மாட்டினால் ஒயர் சூடேறி உருகும். எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது இங்கே சகஜம், ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது அதன் அறிகுறி. மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், உங்கள் செலவானாலும் ஒன்று போட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மின் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இணைப்பு எண்ணைக் குறித்து கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: மேல்மாடி வீடு. பங்குனியிலேயே சுவர் கொதிக்கிறது. ஏர் கூலர் வாங்கியும் புழுக்கம்தான்.
— வாசகர், வில்லாபுரம்

ஜன்னலை அடைத்துவிட்டுக் கூலரைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். கூலர் ஈரக் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்த ஈரம் வெளியேற வழி இல்லையென்றால் புழுக்கம்தான் மிஞ்சும். கூலரை ஒரு ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும், மழைக்காலத்தில் பயன்படாது. ஓனர் சம்மதித்தால் மாசி மாதமே மொட்டை மாடியில் இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடாவருடம் அடிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல்களை மூடி, இரவில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். படுக்கையை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், மாலை வெயிலை அந்தச் சுவர்தான் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சித்திரையில் தல்லாகுளத்தில் பால் காய்ச்சலாம் என்றிருக்கிறோம். சாமான் லாரியும் அன்றே வருகிறது. கேஸ் இன்னும் மாறவில்லை. வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?
— வாசகி, திருநெல்வேலியிலிருந்து

முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதையொட்டி அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, எதிர்சேவைக்கு அடுத்த நாள் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது. அழகர்கோவில் சாலை, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் முழுக்க ஜனங்களாகத்தான் இருக்கும், லாரி நுழைய வழியே இருக்காது. கொடியேற்றத்துக்கு முன்பு சாமான் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அழகர் மலைக்குத் திரும்பியபின் வரட்டும். பால் காய்ச்சுவதை மட்டும் நல்ல நாளில் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கேஸுக்கு, பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கி வாருங்கள். அடுப்பு உங்களுடையது, கூடவே கொண்டுவரலாம். ரப்பர் டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐந்து வருடமானதைத் தூக்கிப் போடுங்கள். புது இணைப்பு கிடைக்கும்வரை அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் மாற்ற வேண்டியதில்லை, முகவரியை மட்டும் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ரேஷன் கார்டு முகவரியை இணையத்தில் மாற்றலாம், அதற்கு வாடகை ஒப்பந்தமோ கேஸ் ரசீதோ வேண்டும். அதனால் ஒப்பந்தம், கேஸ், ரேஷன் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சுவதாக இருந்தால் பித்தளைச் செம்பும் அலுமினியப் பாத்திரமும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைப் பையிலேயே எடுத்து வாருங்கள்.