மாய விளக்கு வாங்கும்முன் ஸ்லைடைப் பாருங்கள்

கேள்வி: ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் இருக்கும் என் மகள், அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு தகர ‘மேஜிக் லாந்தர்’, அதாவது மாய விளக்கு பார்த்திருக்கிறாள். மரப்பெட்டிக்குள் லாந்தரும் பன்னிரண்டு கண்ணாடிப் பட்டைகளும் இருக்கின்றனவாம். பேரப்பிள்ளைகளுக்குச் சுவரில் படம் காட்டலாம் என்று ஆசை. வாங்கச் சொல்லலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாக வாங்கச் சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்த பிறகு.

உங்கள் மகள் நிற்பதே இந்த மாதிரி பொம்மை லாந்தர்களை ஏராளமாகச் செய்த ஊரில்தான். சினிமா வருவதற்கு முன், ஐரோப்பிய வீடுகளில் குளிர்கால மாலைப்பொழுதைக் கழிக்க, கண்ணாடியில் உள்ள படத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாகக் காட்டும் இந்த லாந்தர்தான் துணை. மாய விளக்கு 1659 வாக்கிலேயே நெதர்லாந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானியின் கையில் உருவாகிவிட்டது. அதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக்கி வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததில் நியூரம்பெர்க் பொம்மைத் தொழிற்சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. லாந்தரின் உடம்பிலோ பெட்டி மூடியிலோ ‘ஈபி’ (EP) என்ற எழுத்துகள் இருந்தால், செய்தது எர்ன்ஸ்ட் பிளாங்க் நிறுவனம். ‘ஜிபிஎன்’ (GBN) என்றிருந்தால் பிங் நிறுவனம். அப்போது ஏராளமாகச் செய்து விற்றவை இவை, அதனால் இன்றும் கிடைக்கின்றன. “இதை விட்டால் வேறு வராது” என்று கடைக்காரர் சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். எல்லோரும் லாந்தரின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், நீங்கள் காசு கொடுப்பது ஸ்லைடுக்குத்தான், அதாவது படம் உள்ள அந்தக் கண்ணாடிப் பட்டைகளுக்குத்தான். லாந்தர் வெறும் தகரக் கூடு. மகளிடம் சொல்லி ஒவ்வொரு கண்ணாடிப் பட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பட்டையில் மூன்று நான்கு காட்சிகள் வரிசையாக இருக்கும். நிறம் உரிந்து ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதா, ஓரத்தில் கீறல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் லேசாகத் தெரியும் கீறல், சுவரில் கயிறு மாதிரி விழும்.

அப்புறம், பட்டையை லாந்தரின் வாயில் செருகிப் பார்க்க வேண்டும். மாடலுக்கு மாடல் இந்தப் பட்டைகளின் அகலம் மாறும். வேறு வேறு பெட்டிகளில் கிடந்ததை ஒன்றாகச் சேர்த்து விற்பது சகஜம். பட்டை அகலமாக இருந்தால் உள்ளே போகாது. குறுகலாக இருந்தால் ஆடும். படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராக விழும், அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

சுற்றுகிற கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடி ஸ்லைடு ஏதாவது இருந்தால் அதை விடவே வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால், வண்ணம் தீட்டிய இரண்டு கண்ணாடி வட்டுகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். சுவரில் ஒரு கோலம் நடுவிலிருந்து விரிந்துகொண்டே போவதுபோல் இருக்கும். குழந்தைகள் “இன்னொரு தடவை” என்று கேட்பது இதைத்தான்.

உள்ளே இருக்கும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றவே ஏற்றாதீர்கள். தகரத்தை இணைக்கும் பழைய ஈயப் பற்றவைப்பு சூட்டில் விட்டுவிடும், பக்கத்தில் குழந்தைகள் வேறு. ஒரு சிறிய எல்இடி பல்பைச் சுடர் இருந்த அதே உயரத்தில் வைத்தால் போதும். செல்போன் டார்ச்சே நன்றாக வேலை செய்கிறது. லாந்தரில் துளை போடவோ ஒயர் இழுக்கவோ தேவையில்லை. ஆனால் அந்த விளக்கும் மேலே மாட்டும் புகைக்குழாயும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் தொலைந்துபோவது இவை இரண்டும்தான். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

கொண்டுவரும்போது பட்டைகளைத் தனித்தனியே சுற்றி, புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் கீழே உள்ளது உடையும். விளக்கில் எண்ணெய் வாடை துளியும் இருக்கக் கூடாது, விமான நிலையத்தில் சிக்கலாகும்.

கேள்வி: பழைய ஸ்லைடுகளில் புழுதி படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம். நானே அப்படி ஒன்றைக் கெடுத்தவன். ஓநாயும் சிவப்புத் தொப்பிச் சிறுமியும் இருந்த பட்டை அது. ஒரே துடைப்பில் சிறுமியின் முகம் துணியோடு வந்துவிட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால், சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மினுமினுக்காமல் மங்கலாக இருப்பது வண்ணப் பக்கம். அங்கே மென்மையான, உலர்ந்த தூரிகை மட்டும். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துக் காகித நாடா ஒட்டிய புகைப்பட ஸ்லைடு என்றால் படம் உள்ளே இருக்கிறது. வெளிப்பக்கத்தை லேசான ஈரத்தில் துடைக்கலாம், நாடாவில் ஈரம் படாமல்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒரு மின்சார லாந்தர் வாங்கிவிட்டேன். இப்போது இணையத்தில் ஒரு பெட்டி இங்கிலாந்து ஸ்லைடுகள் மலிவாக வருகின்றன. பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. இங்கிலாந்து ஸ்லைடு 3¼ அங்குலச் சதுரம். அமெரிக்க ஸ்லைடு 3¼க்கு 4 அங்குலம். உயரம் ஒன்றுதான், அகலத்தில் முக்கால் அங்குலம் குறையும். சதுர ஸ்லைடுக்கான மரச்சட்டம் ஒன்று வாங்கினாலோ தச்சரிடம் சொல்லிச் செய்தாலோ சரியாகிவிடும். இன்னொன்று: அமெரிக்க மின்சாரம் ஏறக்குறைய 120 வோல்ட், நம்முடையது 230. பழைய ஒயரில் அஸ்பெஸ்டாஸ் உறைகூட இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை பிளக்கைச் செருகாமல், நூலாக உரியும் ஒயரைக் கையால் தொடாமல் வையுங்கள்.