பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் வரலாற்றில் மைல்கற்கள் என்று எவற்றைச் சொல்லலாம்?

கறுப்புப் பின்னணியில் ஒரு முக்கோணப் பட்டகம், அதிலிருந்து வானவில் பிரிந்து போகும் படம், அந்த டி-ஷர்ட்டை மட்டும் பார்த்திருக்கிறேன், அதற்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி. ஆனால் ஆண்டுவாரியாக ஆல்பம் பட்டியல் போடுவதாக இல்லை, அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். என் கணக்கில் இந்தக் குழுவின் பெரிய திருப்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. முக்கியமான எதையும் இவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதே இல்லை. பேசாமல் விழுங்கியதையெல்லாம் அப்புறம் பாட்டாகப் போட்டார்கள், உலகம் அதைக் காசு கொடுத்து வாங்கியது.

ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் லண்டனில் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கப் போனவர்கள். படிப்பு ஓடவில்லை, பாட்டு ஓடியது. வாட்டர்ஸ் வளர்ந்த கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் படிக்க லண்டன் வந்த சிட் பேரட் இவர்களோடு சேர்ந்துகொண்டார். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டி 1965இல் குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். 1967இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியதும் அவரே. அபே ரோடு ஸ்டுடியோவில் ஓர் அறையில் இவர்கள் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' வேலையில் இருந்தார்கள்.

அதே வருடக் கடைசியில் சிட்டின் மனநிலை கண் முன்னாலேயே சரியத் தொடங்கியது. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் ஒரு காரணம், அது மட்டும்தான் காரணமா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. மேடையில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்க அவர் கிட்டார் தந்திகளைத் தளர்த்திக்கொண்டு நிற்பாராம். ஒருநாள் ஒத்திகைக்குப் புதுப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, ஒவ்வொரு முறையும் மெட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டின் பல்லவியே 'இன்னும் பிடிபடலையா?' என்ற கேள்விதான். தன்னைச் சோதிக்கிறார் என்று வாட்டர்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு என்னவோ, குழுவிலேயே அன்றைக்கு நகைச்சுவை உணர்வு இருந்த ஒரே ஆள் சிட்தான் என்று தோன்றும்.

உதவிக்கு இன்னொரு கிட்டார்காரராக சிட்டின் பழைய நண்பர் டேவிட் கில்மோரைக் கூட்டிவந்தார்கள். சில வாரம் ஐந்து பேராக ஓடியது. 1968 ஜனவரியில் சவுதாம்ப்டன் நிகழ்ச்சிக்கு வண்டியில் கிளம்பியவர்கள், சிட்டைப் போய் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேள்வி வந்தபோது, வேண்டாம், விடு என்று போய்விட்டார்கள். அவ்வளவுதான். உட்கார்ந்து பேசவில்லை, கடிதம் இல்லை, அந்த வளைவில் வண்டி திரும்பவில்லை. அதிகாரபூர்வமாக அறிவித்தது ஏப்ரலில்தான். என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் முதல் மைல்கல் முதல் ஆல்பம் இல்லை, இதுதான்.

அடுத்த மூன்று வருடம் தடவித் தடவி நடந்தார்கள். படங்களுக்கு இசை, ஆர்க்கெஸ்ட்ரா வைத்து ஒரு முயற்சி, அட்டையில் ஒரு பசுமாடு. அந்த மாட்டு ஆல்பம் 1970இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, ஆனால் கில்மோருக்கும் வாட்டர்ஸுக்குமே பின்னாளில் அது பிடிக்கவில்லை. நானும் அதிகம் கேட்டதில்லை, வேகமாகத் தாண்டிவிடலாம்.

நிற்க வேண்டிய இடம் 1971. கையில் ஒரு பாட்டும் இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போய், தோன்றியதை எல்லாம் துண்டு துண்டாகப் பதிவு செய்து, அவற்றுக்கு 'நத்திங்' என்று பெயரிட்டு எண் போட்டு வைத்தார்கள். அதில் ஒன்று, ரைட் பியானோவில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டி அதைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டபோது, ஆழ்கடலில் சோனார் ஒலிப்பதுபோல் கேட்டது. அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து வளர்ந்ததுதான் இருபத்து மூன்று நிமிடம் ஓடும் 'எக்கோஸ்'. நடுவில் திமிங்கலம் கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும், அது கிட்டார் ஒலியைக் காலால் மாற்றும் கில்மோரின் வா-வா பெடலில் ஒயரை மாற்றிச் செருகியதால் கிடைத்தது. சிட்டின் நிழலிலிருந்து வெளியே வந்து, நால்வரும் சேர்ந்தால் என்ன வரும் என்று அவர்களுக்கே தெரிந்தது இந்தப் பாட்டில்தான். அக்டோபரில் இதை இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்து அரங்கில், ரசிகர் யாரும் இல்லாமல் படம் பிடித்தார்கள். அரங்கில் போதுமான மின்சாரம் இல்லாமல் ஊரிலிருந்து நீளமாகக் கேபிள் இழுத்து வரவேண்டியிருந்தது.

இனி அந்த டி-ஷர்ட். அதில் இருப்பது 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் அட்டைப் படம். ஆல்பம் 1973 மார்ச்சில் வெளியானது, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அதை மேடையில் வாசித்து வாசித்துத் தேய்த்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1972 ஜனவரியில் பிரைட்டனில் முதல் முறை வாசித்தபோது கருவிகள் மக்கர் செய்து பாதியில் நிறுத்தினார்கள், மறுநாள் போர்ட்ஸ்மத்தில்தான் முழுதாக வாசிக்க முடிந்தது. 'மணி' பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்கி, காகிதம் கிழிந்து, கல்லாப் பெட்டி திறக்கும் அல்லவா, அது ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, ஸ்கேல் வைத்துச் சம நீளத்துக்கு வெட்டி, ஏழு துண்டுகளை ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டு எடுத்தது. அந்தப் பாட்டும் ஏழு அடி தாளத்தில்தான் நடக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், கத்தரித்து ஒட்டுவது என்றால் நிஜமாகவே பிளேடு எடுத்துக் கத்தரித்து ஒட்டுவதுதான்.

அதே ஆல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறி அடங்கும். கிளேர் டோரி என்ற பாடகி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து, சாவைப் பற்றிய இசை, சொல் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு, சில டேக்குகள் பாடிவிட்டு, ரொம்ப மிகையாகிவிட்டதோ என்று மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். கூலி 30 பவுண்ட், ஞாயிறு என்பதால் இரட்டைக் கட்டணம் சேர்த்து. நன்றாக இருந்தது என்று அங்கே யாரும் அவரிடம் வாய் திறந்து சொல்லவில்லை. ஆல்பம் வந்த பிறகு கடையில் அட்டையில் தன் பெயரைப் பார்த்துத்தான் தன் குரலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த ஆண்டு சமரசமாகி, இப்போது அந்தப் பாட்டின் உரிமையில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆனது அதற்கு.

ஆல்பத்தின் நடுவே கேட்கும் பேச்சுக் குரல்கள்கூட ஸ்டுடியோவில் அகப்பட்டவர்களை உட்காரவைத்து, அட்டைகளில் கேள்வி எழுதிக் காட்டிப் பதிவு செய்தவை. பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். ரொம்ப ஜாக்கிரதையாகப் பேசினார் என்று அதைச் சேர்க்கவில்லை. அபே ரோடு வாயிற்காவலர் ஜெரி ஓ'டிரிஸ்கால் சொன்னதைக் கடைசியில் வைத்தார்கள்: நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, மொத்தமுமே இருட்டுதான் என்று. உலகத்தின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவரைத் தள்ளிவிட்டு வாசலில் நின்றவரின் பேச்சை எடுத்தார்களே, அந்தத் தீர்மானத்துக்காகவே இந்த ஆல்பத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் இது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973 முதல் 1988 வரை மொத்தம் 741 வாரம் பட்டியலை விட்டு இறங்க மறுத்தது.

பணம் வந்தது, அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. 1974இல் அடுத்த ஆல்பத்துக்கு வெறுமையோடு உட்கார்ந்திருந்தபோது, கில்மோர் கிட்டாரில் தற்செயலாக வாசித்த நான்கு சுரங்கள் வாட்டர்ஸுக்கு சிட்டை ஞாபகப்படுத்தின. அதுவே 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' ஆனது. 1975 ஜூன் 5ஆம் தேதி அபே ரோட்டில் இந்தப் பாட்டு வேலை நடந்துகொண்டிருக்கையில், தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, ஊதிப் பருத்த ஓர் ஆள் உள்ளே வந்து நின்றார். யாரோ வாட்டர்ஸுக்குத் தெரிந்தவர் போல என்று ரைட் நினைத்துக்கொண்டார். மேசனுக்கும் தெரியவில்லை. நேரம் கழித்துத்தான் அது சிட் என்று புரிந்தது. அப்போது அவருக்கு வயது 29. வாட்டர்ஸ் அழுதுவிட்டார் என்கிறார்கள். சிட் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என்று வாழ்ந்தார், பாட்டுக்கு உண்டான ராயல்டி அவருக்குப் போய்ச் சேர்வதை கில்மோர் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஆல்பமான 'அனிமல்ஸ்' அட்டைப் படத்துக்காக லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் மேல் பறக்கவிட்ட பலூன் பன்றி 1976 டிசம்பரில் கயிறு அறுந்து ஹீத்ரோ விமானப் பாதையில் போய், கடைசியில் கென்ட்டில் ஒரு பண்ணையில் இறங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பன்றி தப்பித்தால் சுட்டு வீழ்த்த முதல்நாள் துப்பாக்கிக்காரர் ஒருவரை வைத்திருந்தார்கள், இரண்டாம் நாள் அவரை வரச்சொல்ல மறந்துவிட்டார்கள்.

1977 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில், முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகர் மேல் வாட்டர்ஸ் துப்பிவிட்டார். தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று அந்த வெட்கத்திலிருந்து யோசித்ததுதான் 1979இன் 'தி வால்'. அதில் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள் பாடிய 'அனதர் பிரிக் இன் த வால்' பாட்டு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் முதலிடம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் போராட்டத்தில் அதைப் பாட ஆரம்பித்ததும் 1980இல் அங்கே தடையே போட்டார்கள்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. ரைட் சரியாக வேலை செய்யவில்லை, விடுமுறையைப் பாதியில் விட்டு வர மறுக்கிறார் என்று வாட்டர்ஸுக்குக் கோபம், அவரைக் குழுவை விட்டு எடுக்க வேண்டும் என்று மேனேஜர் ஸ்டீவ் ஓ'ரூர்க் வழியாகச் சொல்லியனுப்பினார். கூடவே பதினைந்து வருடம் வாசித்த ஆளுக்கு, நடுவில் ஒரு மேனேஜர்! அப்புறம் மேடை நிகழ்ச்சிகளுக்கு அதே ரைட்டைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நிகழ்ச்சி நடக்க நடக்க அட்டைச் செங்கல்லால் கிட்டத்தட்ட 40 அடி உயரச் சுவர் எழுப்பி, முடிவில் இடித்துத் தள்ளும் ஆடம்பரத்தில் குழுவுக்குப் பெரிய நஷ்டம், நஷ்டத்தில் பங்கில்லாத ரைட் ஒருவர்தான் அதில் காசு பார்த்தவர்.

1985 டிசம்பரில் வாட்டர்ஸ் தன் விலகலையும் ரெக்கார்ட் கம்பெனிகளுக்குக் கடிதமாகத்தான் அனுப்பினார். தான் போனால் குழு முடிந்தது என்று நினைத்தார், முடியவில்லை. பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று மறு ஆண்டு நீதிமன்றம் போனார், 1987 டிசம்பரில் கில்மோரின் படகு ஸ்டுடியோவில் சமரசம் ஆனது. பன்றியின் உரிமைகூடப் பேச்சுவார்த்தையில் வந்தது, கில்மோர் பக்கம் பன்றிக்கு விதைப்பை ஒட்டி 'இது வேறு பன்றி' என்று பறக்கவிட்டார்கள். 1989இல் வெனிஸில் மிதவை மேடை போட்டு வாசித்தபோது சுமார் 2 லட்சம் பேர் திரண்டு, நகரம் குப்பையில் நாறி, மேயரும் நகரசபையும் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. 1994இல் வாட்டர்ஸ் இல்லாமல் வந்த 'தி டிவிஷன் பெல்' பேச முடியாமல் போவதைப் பற்றிய ஆல்பம். அதில் பேசுவதை நிறுத்தாதே என்று சொல்லும் பாட்டுக்கு ஸ்டீபன் ஹாக்கிங்கின் இயந்திரக் குரலை எடுத்துக்கொண்டார்கள். யார் சொல்ல வேண்டிய விஷயத்தை யார் சொல்கிறார்கள் பாருங்கள்.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்கில் 'லைவ் 8' இசை நிகழ்ச்சி. 1981க்குப் பிறகு நால்வரும் முதல் முறையாக ஒரே மேடையில், நான்கு பாட்டு. 'விஷ் யூ வேர் ஹியர்' தொடங்கும் முன் இது இங்கே இல்லாதவர்களுக்கு, முக்கியமாக சிட்டுக்கு என்றார் வாட்டர்ஸ். முடிவில் கில்மோரை இழுத்து அணைத்துக்கொள்ளும்போது கில்மோரின் உடம்பு விறைத்திருப்பதை வீடியோவில் பார்க்கலாம். சுற்றுப்பயணம் போகச் சொல்லிப் பெரும் தொகை பேசினார்கள், கில்மோர் முடியாது என்றுவிட்டார். அடுத்த ஜூலையில் சிட் போனார், 2008 செப்டம்பரில் ரைட். ரைட்டின் பழைய பதிவுகளை வைத்து 2014இல் ஓர் ஆல்பம், உக்ரைன் போருக்காக 2022இல் ஒரு பாட்டு. 2024இல் பதிவுகளின் உரிமையை சோனிக்கு விற்றார்கள், சுமார் 40 கோடி டாலர் என்று செய்தி. அந்தப் பேரமும் இவர்கள் சண்டையால் சில வருடம் இழுத்தடித்தது.

புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் டி-ஷர்ட் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். முதலில் 'எக்கோஸ்', ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் செய்யாமல். பிடித்துப்போனால் 1975 ஆல்பமான 'விஷ் யூ வேர் ஹியர்', அப்புறம்தான் 1973. 'தி வால்' கடைசியில், அதுவும் ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு தட்டு நீளம், பாதியில் அலுத்துப்போகும்.