வாசகர் கேள்வி - பதில்: வெளிமுற்ற விரிப்பைப் பராமரிக்கும் முறை

கேள்வி: திறந்த முற்றத்தில் பாலிபுரொப்பிலீன் இழையால் நெய்த விரிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறோம். சோப்புத்தூள் கரைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகும் சில நாட்களில் புழுங்கிய வாடை வந்துவிடுகிறது. அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகளும் தெரிகின்றன. பிளாஸ்டிக் இழையில் பூஞ்சை பிடிக்காது என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: அப்படிச் சொல்வது பாதிதான் உண்மை. பாலிபுரொப்பிலீன் தன் எடையில் 0.1 சதவீத அளவுக்குக்கூட நீரை உறிஞ்சுவதில்லை. பூஞ்சைக்கு அது உணவாவதும் இல்லை. ஆனால் இழைகளுக்கு இடையே தங்கிவிடும் மண், மகரந்தம், சருகுத்தூள், உணவுத் துணுக்குகள் ஆகியவை பூஞ்சை வளரப் போதுமானவை. விரிப்புக்கும் தரைக்கும் நடுவே ஈரமும் அகப்பட்டுக்கொண்டால், மேல்பக்கம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அடியில் அது வளரத்தான் செய்யும். ஆகவே உங்கள் விரிப்பில் கவனிக்க வேண்டியது அதன் அடிப்பக்கத்தையே.

நீரைத் தொடுவதற்கு முன் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்கத்தில் ஒரு கோலால் தட்டுங்கள். உள்ளே புதைந்த மணல் தரையில் கொட்டும். அதைப் பெருக்கிவிட்டு மறுபடியும் தட்டுங்கள். இந்த உலர்ந்த வேலையைச் செய்யாமல் நேராக நீரை ஊற்றினால், தூசி சேறாகி நெசவின் அடிவரை இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுவதும் வெளியே வராது.

அடுத்து, ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிதளவு மட்டும் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் நெசவு ஓடும் திசையிலேயே தேயுங்கள். சோப்புத்தூளை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. அலசலில் போகாமல் தங்கும் சோப்பு பிசுபிசுப்பாகிப் புதிய தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், கழுவிய விரிப்பு முன்னைவிட வேகமாக அழுக்காவது உண்டு. எனவே நுரை வருவது அடியோடு நிற்கும் வரை, இரு பக்கமும் அலச வேண்டும். கரும்புள்ளிகள் எஞ்சியிருந்தால், வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து தெளித்து, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்து அலசுங்கள். அப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கழுவிய இடத்திலேயே விரித்து வெயிலில் விட்டால் மேல்பக்கம் விரைவில் காய்ந்துவிடும். தரையை ஒட்டிய பக்கமும், ஓரத்தில் மடித்துத் தைத்த நாடாவும் ஈரமாகவே இருக்கும். விரிப்பைக் கைப்பிடிச் சுவரின் மீதோ கம்பியின் மீதோ காற்றுப் படும்படி தொங்கவிட்டு, சில மணி நேரம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். ஓரத் தையலை விரல்களால் அழுத்திப் பார்த்து, ஈரம் தட்டவில்லை என்று உறுதியான பின்பே, காய்ந்த தரையில் விரிக்க வேண்டும். மழைக்குப் பிறகும் இதே முறைதான். அடியில் துளைகள் உள்ள தாங்குவிரிப்பு ஒன்றைப் போட்டால் நீர் வடியவும் காற்று நுழையவும் வழி கிடைக்கும்.

கேள்வி: பூஞ்சைக் கறை போகவில்லை. வினிகருடன் பிளீச்சையும் கலந்து ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது கண்ணையும் நுரையீரலையும் கடுமையாகப் பாதிக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களுடனும் பிளீச் சேரக் கூடாது. விரிப்பில் தைத்துள்ள குறிப்புச்சீட்டு பிளீச்சை அனுமதித்தால் மட்டும், நன்கு நீர்த்து, தனியாக, முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் இட்டுப் பாருங்கள். இழைக்கு அது கேடு செய்யாவிட்டாலும், ஓரத்தைத் தைத்த நூல் வெளுத்துப் போகலாம்.

கேள்வி: எங்களுடையது சணல் விரிப்பு. இதையும் நீர் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். சணல் வெறும் காற்றின் ஈரத்தையே தன் எடையில் ஏறத்தாழ 13 சதவீத அளவுக்கு ஏற்றுக்கொள்ளும் இழை. நனைந்து மெதுவாகக் காயும்போது இழையில் உள்ள பொருள்கள் கரைந்து மேலேறிப் பழுப்புக் கறையாகப் படியும். நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் இழையே மக்கத் தொடங்கும், ஏனெனில் சணல் பூஞ்சைக்கு நேரடி உணவு. உலர் தூசியை வாக்குவம் கிளீனரால், சுழல் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, உறிஞ்சி எடுங்கள். ஏதேனும் சிந்தினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். கூரையில்லாத இடத்துக்குச் சணல் விரிப்பு பொருத்தமானது அல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: சில மாதங்கள் பயன்படுத்தாமல் எடுத்துவைக்க விரும்புகிறேன். மடித்து பாலித்தீன் உறையில் போடலாமா?

பதில்: மடித்தால் மடிப்பு நிலைத்துவிடும். தூசி நீக்கி, முழுவதும் காயவைத்து, உருளையாகச் சுருட்டி, பழைய பருத்தித் துணியால் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். பாலித்தீன் உறை எஞ்சிய ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.