மட்டக்களப்பிலிருந்து இங்கிலாந்து போகிறவர்கள் கடல்நாய்களை எங்கே, எப்போது பார்க்கலாம்?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பில் இருக்கிறோம். வருகிற நவம்பரில் லண்டனிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரப்பிள்ளைகளோடு கடல்நாய்களைப் பார்க்க ஆசை. காட்சிச்சாலையில் அல்ல, கடற்கரையிலேயே. எங்கே போவது? நமது கடலுக்கு அவை வருவதில்லையா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வருவதில்லை. தோலுக்கடியில் தடித்த கொழுப்புள்ள விலங்கு அது. குளிர்ந்த, மீன் மலிந்த கடலே அதற்குத் தோது. வெப்பக் கடல்களில் நிலையாக வாழும் இனங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்றும் வங்காள விரிகுடாவில் இல்லை. 2019 இறுதியில் வழிதவறிய யானைக் கடல்நாய் ஒன்று நமது தீவின் தென், மேற்குக் கரைகளில் தலைகாட்டியது. அது தெற்கே வெகுதொலைவிலுள்ள குளிர்கடலைச் சேர்ந்தது. அதை நம்பிப் பாசிக்குடாவில் யாரும் காத்திருக்க முடியாது.

நவம்பரில் போகிறீர்கள் என்பது நல்ல செய்தி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் அதுதான். உலகிலுள்ள அந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரித்தானியக் கரைகளில்தான் வாழ்கிறது. வருடத்தின் மற்ற மாதங்களில் பல இடங்களில் தண்ணீருக்கு மேல் ஒரு தலை தெரியும், மறையும், அவ்வளவுதான். குட்டி போடும் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கரையேறி மணலில் கிடக்கும்.

என்னைக் கேட்டால் லிங்கன்ஷயரிலுள்ள டோனா நூக்கைத்தான் முதலில் சொல்வேன். ஒக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள் பெரும்பாலானவை கடலுக்குத் திரும்பிவிடும். நவம்பரின் பின்பாதி உச்சம். ஒரு பருவத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கின்றன. விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்கென ஒதுக்கிய மணற்பரப்பும் சேர்ந்த இடம் அது. மணற்குன்றின் அடிவாரத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். நீங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, தாயும் குட்டியும் சில அடி தூரத்தில் படுத்திருக்கும். படகு ஏற வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. லண்டனிலிருந்து தூரம் அதிகம், கார் இல்லாமல் சிரமம். சனி, ஞாயிறு நெரிசலைத் தவிர்த்து வார நாளில் போங்கள்.

ரயிலில்தான் போக முடியும் என்றால் நோர்போக். லண்டனிலிருந்து நோரிச், அங்கிருந்து கிரேட் யார்மத், பிறகு வாடகைக் காரில் வடக்கே ஹோர்சி. அங்கே கடல்நாய்கள் இருக்கும்போது கடற்கரைக்கு இறங்க விடமாட்டார்கள்; குன்றின் மேலிருந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் ஜனவரி வரை குட்டிகள் இருப்பதால், பயணம் தள்ளிப்போனாலும் கவலையில்லை. அதே மாவட்டத்தில் மோர்ஸ்டனிலிருந்து பிளேக்னி முனைக்குப் படகுகள் போகின்றன. வற்று, பெருக்கைப் பொறுத்து நேரம் மாறும் என்பதால் முன்பதிவு அவசியம். ஆனால் வாடைக்காற்று வீசும் நாளில் திறந்த படகில் பேரப்பிள்ளைகளை ஏற்ற நான் விரும்பமாட்டேன். கையுறை, காதுவரை மூடும் தொப்பி, நீர் புகாத சப்பாத்து இல்லாமல் எந்த இடத்துக்கும் புறப்படாதீர்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். காலையிலேயே போய்ச் சேருங்கள்.

அங்கே நீங்கள் பார்க்கப்போவது என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 14 கிலோ, வெள்ளை ரோமம். தாயின் பாலில் பாதிக்கும் மேல் கொழுப்பு. மூன்று வாரத்துக்குள் குட்டி மூன்று மடங்கு பெருத்துவிடும். அந்த நாட்களில் தாய் ஒன்றும் தின்பதில்லை. தன் உடம்பைக் கரைத்தே பால் கொடுக்கிறது. பிறகு ஒருநாள் குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி வெள்ளை ரோமத்தை உதிர்த்து, சேர்த்துவைத்த கொழுப்பிலேயே சில வாரம் பட்டினி கிடந்து, தானாகக் கடலில் இறங்கும். நீச்சலும் மீன் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை.

இதனால்தான் எட்ட நின்று பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டு இரக்கப்பட்டுத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமம். வேலி இல்லாத கரையில் செல்பி எடுக்க நெருங்கினால் தாய் மிரண்டு ஓடும். திரும்பி வராமலும் போகலாம், பால்குடிக் குட்டி செத்துவிடும். ஆண் 300 கிலோ வரை இருக்கும், கடித்தால் காயம் எளிதில் ஆறாது. பாணமை, உகந்தைப் பக்கத்து மணலில் இரவில் முட்டையிட ஏறும் ஆமையின் முகத்துக்கு நேரே டோர்ச் அடிப்பதை நாம் எவ்வளவு கண்டிக்கிறோமோ, அதே கண்டிப்பு அங்கேயும் வேண்டும். குட்டி காயப்பட்டதாகத் தெரிந்தால் அங்கு நிற்கும் தொண்டர்களிடம் சொல்லுங்கள். தொட வேண்டாம்.

நவம்பர் தவறி கோடையில் போக நேர்ந்தால் வேறு இனம். உருவில் சிறிய, நாய்க்குட்டி முகம் கொண்ட துறைமுகக் கடல்நாய் ஜூன், ஜூலையில் குட்டி போடும். லண்டனுக்குக் கிட்ட என்றால் கென்ட் பகுதியில், ஸ்டவர் ஆறு கடலில் சேரும் பெக்வெல் குடா நல்ல இடம். தேம்ஸ் ஆற்றிலும் கடல்நாய்கள் உண்டு, ஆனால் இந்த நாளில் தெரியும் என்று சொல்லிக் கூட்டிப்போக முடியாது.

உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஓகஸ்டில் வரும். அப்போது அவர்களை ஊருக்குக் கூப்பிடுங்கள். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் நமது கிழக்குக் கடல் தணிந்திருக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலையில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் ஓடுகின்றன. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் திட்டான கண்டமேடை அங்கே குறுகலானதால் ஆழ்கடல் கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. மட்டக்களப்புக்கு வெளியே ஓங்கில் (டொல்பின்) கூட்டம் வரும் நேரத்தை விடியற்காலையில் கடலுக்குப் போகும் மீனவர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். படகுக்காரரிடம் ஓங்கில்களைத் துரத்த வேண்டாம், வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் ஓட்டுங்கள் என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.