கணனிக் கேள்வி பதில்: வினவல் எழுத எந்த எடிட்டர்?

கேள்வி: தேயிலைத் தோட்ட அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். அன்றாடக் கொழுந்து நிறையும் செக்ரோலும் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு) மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. வினவல்களை (தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளைகளை) நோட்பேடில் எழுதி, பிரவுசரில் தரவுத்தளத்தைத் திறக்கும் பிஎச்பி மைஅட்மினில் ஒட்டி ஓட்டுகிறேன். போன மாதம், எந்தப் பதிவுகளுக்கு என்று சொல்லும் ‘வெயார்’ வரி விடுபட்டு, ஒரு டிவிஷனுக்குப் போட வேண்டிய திருத்தம் எல்லா டிவிஷனுக்கும் விழுந்துவிட்டது. என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் மடிக்கணனி. எந்த எடிட்டர் நல்லது?
– வாசகி, ஹட்டன்

பதில்: உங்களுக்கு ஹைடிஎஸ்கியூஎல் போதும். இலவசம், 4 ஜிபியில் இலகுவாக ஓடும். டிபீவர் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம்தான், வசதிகளும் அதிகம். ஆனால் அது ஜாவாவில் இயங்குவது. எக்செலையும் பிரவுசரையும் திறந்து வைத்திருந்தால் உங்கள் கணனி இழுபடும். 8 ஜிபி இருந்து, போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு தரவுத்தளங்களையும் தொட வேண்டியவர்களுக்கு டிபீவர் சரி.

சொற்களுக்கு நிறம் தருவதும் நிரலின் (கொலம்) பெயரை முடித்துத் தருவதும் இரண்டிலும் உண்டு. அதை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். ஓட்டும் விசையை அழுத்தினால் எது ஓடும் என்று முதலில் பாருங்கள். ஹைடியில் எஃப் 9, அந்தத் தாவலில் உள்ள அத்தனையையும் ஓட்டும். மேலே பழைய ‘டிலீட்’ (அழிக்கும் கட்டளை) ஒன்று கிடந்தால் அதுவும் ஓடிவிடும். கேர்சர் நிற்கும் வினவலை மட்டும் ஓட்ட கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டிபீவரில் கொன்ட்ரோல், என்டர் போதும். ஆனால் அதில் வெற்று வரியை வினவலின் முடிவாகக் கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. புது மதிப்பைச் சொல்லும் ‘செட்’டுக்கும் ‘வெயாரு’க்கும் நடுவே ஒரு வரி காலியாக விட்டால், வெயார் இல்லாத அப்டேட் (திருத்தும் கட்டளை) ஓடும் ஆபத்து இருக்கிறது. எஸ்கியூஎல் எடிட்டர் அமைப்புகளில் அதை ‘நெவர்’ ஆக்கிவிடுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததைத் தடுக்கும் பூட்டு மைஎஸ்கியூஎல்லிலேயே இருக்கிறது. ‘செட் எஸ்கியூஎல்_சேஃப்_அப்டேட்ஸ் = 1’ என்ற ஒரே வரியை ஒரு கோப்பில் சேமித்து, ஹைடியின் இணைப்பு அமைப்பில் ‘ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்’ என்ற இடத்தில் அதைக் காட்டுங்கள். அதன் பிறகு, வெயாரில் இன்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்கான சுட்டி) உள்ள நிரல் இல்லாமலும், வரிகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் ‘லிமிட்’ இல்லாமலும் வரும் அப்டேட், டிலீட் எதுவும் ஓடாது. 1175 என்ற பிழை வரும். டிவிஷன் நிரலுக்கு இன்டெக்ஸ் இல்லையென்றால் சரியான வினவலையும் தடுக்கும். அதற்காகப் பூட்டைக் கழற்ற வேண்டாம், அந்த நிரலுக்கு இன்டெக்ஸ் போடுங்கள்.

வெயார் இருந்தும் டிவிஷன் இலக்கம் பிழைத்தால் இந்தப் பூட்டு உதவாது. ஆகவே திருத்தத்துக்கு முன் ‘ஸ்டார்ட் டிரான்ஸாக்ஷன்’ கொடுங்கள்; அதன் பின் செய்யும் திருத்தம் நீங்கள் உறுதிசெய்யும் வரை நிரந்தரமாகாது. அதே வெயாரை வைத்து ஒரு செலக்ட் (வரிகளைக் காட்ட மட்டும் செய்யும் வினவல்) ஓட்டி, சரியான டிவிஷன்தானா என்று பார்த்து, வரிகளை எண்ணுங்கள். அப்டேட் சொல்லும் எண்ணிக்கை அதைவிடக் கூடினால் உடனே ‘ரோல்பேக்’ (பின்வாங்கல்), ஒத்து வந்தால் ‘கொமிட்’ (உறுதிசெய்தல்). கொமிட் செய்யாமல் தேநீருக்கு எழும்பிப் போகாதீர்கள்: அதே வரிகளைத் திருத்த முயலும் மற்றவர் இயல்பான அமைப்பில் 50 வினாடி காத்திருந்து 1205 பிழை வாங்குவார். மழை நாளில் லைன் அறுந்தால் பயமில்லை, கொமிட் ஆகாததை சேர்வர் தானே பின்வாங்கும். ஆனால் இவை எல்லாம் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளுக்கே. பழைய சம்பள மென்பொருள்களில் மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய முறை அட்டவணைகள் இருக்கக்கூடும். அவற்றில் ரோல்பேக் வேலை செய்யாது. ஹைடியின் அட்டவணைப் பட்டியலில் சேமிப்பு முறையைச் சொல்லும் ‘என்ஜின்’ நிரலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: வினவலின் விடையை சிஎஸ்வி ஆக எடுத்து எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகின்றன. 0045 என்ற தொழிலாளர் இலக்கம் 45 ஆகிவிடுகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். எக்செலில் ‘டேட்டா’, ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகப் போய், கோப்பின் மூலத்தை 65001 யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து, இலக்க நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். டிபீவரில் எடுப்பவர்கள் ஏற்றுமதியின்போது ‘இன்சேர்ட் பொம்’ (கோப்பின் எழுத்து முறையை எக்செலுக்குக் காட்டும் அடையாளம்) என்பதை இட்டால் எழுத்துப் பிரச்சினை வராது. இலக்கத்துக்கு அது மருந்தல்ல.

எடிட்டரிலேயே பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாகத் தெரிந்தால் எக்செலில் தேடிப் பயனில்லை. யூனிகோட் ஏற்காத நிரலில் பதிந்ததால் எழுத்துகள் அங்கேயே அழிந்திருக்கலாம். நிரலையும் இணைப்பையும், தமிழை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்து முறைக்கு ஆக்கிவிட்டு, அந்தப் பெயர்களைத் திரும்பப் பதியத்தான் வேண்டும்.