போக 20 மணி, வர 12 மணியா?

கேள்வி: தைப்பூசத்துக்கு மாமியாரைப் பழநிக்குக் கூட்டிப் போகிறேன். டர்பனில் மாலை 7 மணிக்கு ஏறி, துபாயில் மாறி, மறுநாள் மதியம் 3.30க்குச் சென்னை. திரும்பும்போது அதிகாலை 4 மணிக்கு ஏறினால் அன்றைக்கே மாலை 4.30க்கு டர்பன். போக இருபதரை மணி, வர பன்னிரண்டரை மணி! வழி ஒன்றுதானே? இடையில் மொரிஷியஸில் மாறினால் சீக்கிரம் போகலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். இந்தியா நம் தென்னாப்பிரிக்காவைவிட மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழியுங்கள்: 17 மணி. வரும்போது கூட்டுங்கள்: 16 மணி. மீதி ஒரு மணி வித்தியாசம் துபாயில் காத்திருப்பதில் வருவது.

தைப்பூசத்துக்கு இங்கேயே காவடி எடுக்கலாமே என்று நான் கேட்கமாட்டேன். பழநி என்றால் பழநிதான்.

உங்கள் 17 மணியில் பறப்பது சுமார் பன்னிரண்டரை மணி. மற்றது துபாயில் உட்காருவது. அது ரொம்ப அதிகம் என்று ஒன்றரை மணியில் மாறுகிற டிக்கெட்டைக் கேட்டுவிடாதீர்கள். மாமியாருக்கு வீல்சேர் கேட்பீர்கள் அல்லவா? வீல்சேர் சொன்னவர்களை விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஆள் வந்து, நாற்காலி வந்து, மாமியார் வாசலைத் தாண்டுவதற்குள் அரை மணி போயிருக்கும். அப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை. மூன்று மணிக்குக் குறையாமல் இருக்கட்டும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள்.

மொரிஷியஸ் விஷயம் வேடிக்கையானது. டர்பனிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 7,100 கி.மீ. துபாய் சுற்றினால் 9,500. மொரிஷியஸ் வழி 7,300தான், கிட்டத்தட்ட நேர்வழி. ஆனால் மொரிஷியஸ்-சென்னை விமானம் தினசரி கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் வாங்காதீர்கள், கிழமையைப் பாருங்கள். வயதானவரோடு போகும்போது நான் துபாய்தான் போடுவேன்.

நேர் விமானத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஜோகன்னஸ்பர்க்-மும்பை நேர் சேவையையே தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் 2015இல் நிறுத்திவிட்டது. மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு நேராக வந்தது, 1860இல் நம் முன்னோரைக் கூலி வேலைக்கு ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று!

சென்னையில் இறங்கிய அன்று இரவே பழநிக்கு ரயில் ஏறாதீர்கள், ஒரு நாள் தங்கிப் போங்கள். டர்பனில் பெட்டியைக் கொடுக்கும்போது ஒட்டுகிற சீட்டில் எம்.ஏ.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் சென்னை. துபாயின் டி.எக்ஸ்.பி.யோடு நின்றிருந்தால் டர்பன் கவுண்டரிலேயே மாற்றச் சொல்லுங்கள்.